பிளைத்பரோ கோவில்: கூரையில் மிஞ்சிய சம்மனசுகளும் இறக்கையிலிருந்த ஈய ரவைகளும்

தென்றல்வீதி எழுதியது:

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை, கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில், இப்ஸ்விச்சிலிருந்து ஏ12 சாலையில் வடக்கே போனோம். சவுத்வோல்ட் கடற்கரைக்குப் போவதாகத்தான் திட்டம். பிளைத் ஆற்றின் கழிமுகம் திறக்கிற இடத்தில், நாணலுக்கும் சேற்றுக்கும் மேலே, ஒரு பெரிய கோவில் கப்பல் போல நின்றது. பிளைத்பரோ ஊரின் தூய திரித்துவக் கோவில் அது. 'சதுப்பு நிலத்துப் பேராலயம்' என்பது அதன் பட்டப்பெயராம். ஊரோ மிகச் சிறியது. இவ்வளவு சின்ன ஊருக்கு இவ்வளவு பெரிய கோவிலா என்றுதான் வண்டியை நிறுத்தினோம்.

உள்ளே போனால் அவ்வளவு வெளிச்சம்! சுவரெல்லாம் சுண்ணாம்பு வெள்ளை, தரை வெளிறிப்போன பழைய செங்கல், ஜன்னல்களில் பெரும்பாலும் நிறமில்லாத கண்ணாடி. நடுக்கூடத்தின் தூண் வரிசைக்கு மேலே இரண்டு பக்கமும் 18, 18 ஜன்னல்கள். மக்கள் உட்காரும் பகுதிக்கும் பீடம் இருக்கும் பகுதிக்கும் நடுவில் வளைவோ சுவரோ இல்லை. மேற்குக் கோபுரத்தடியில் நின்றால் கிழக்குக் கோடி வரை ஒரே கூரை ஓடுகிறது. கூரையின் நட்டநடுவில், ஒவ்வொரு உத்திரத்திலும், முதுகோடு முதுகு ஒட்டியதுபோல் இரண்டு மரச் சம்மனசுகள் (தேவதூதர்கள்) இறக்கை விரித்துக் கிடக்கின்றன. ஒன்று கிழக்கைப் பார்க்கிறது, மற்றது மேற்கை. சில இடங்களில் உத்திரம் மட்டும் இருக்கிறது, சம்மனசு இல்லை.

அங்கே சுற்றிப் பார்க்க வந்திருந்த ஒருவர், 1644-இல் தூய்மைவாதிகளின் (கோவிலில் உருவங்களே கூடாது என்ற கிறிஸ்தவர்களின்) படைவீரர்கள் உள்ளே நின்று அந்தச் சம்மனசுகளைச் சுட்டார்கள், குண்டுகள் இன்னும் மரத்தில் இருந்தன என்று சொன்னார். கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. இது உண்மையா? பெஞ்சுகளின் முனையில் செதுக்கிய சின்ன உருவங்களும் எனக்கு விளங்கவில்லை. ஒருவன் படுக்கையில் உட்கார்ந்திருக்கிறான், ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உளியோசை எழுதியது:

சுட்டது உண்மை. சுட்டவர்கள் படைவீரர்கள் இல்லை, சுட்டது சம்மனசுகளையும் இல்லை.

1970-களில் கூரையைப் பழுது பார்த்தபோது மரத்திலிருந்து ஈய ரவைகள் எடுத்தார்கள். 18-ஆம் நூற்றாண்டுக் கோவில் கணக்கில், கோவிலுக்குள் அடைந்த ஜாக்டா என்ற சிறு காகங்களைச் சுடுவதற்காக மருந்துக்கும் ரவைக்கும் செலவு எழுதியிருக்கிறது. 1640-களின் மஸ்கெட் துப்பாக்கிக் குண்டு ஏறக்குறைய ஓர் அரைநெல்லிக்காய் அளவு. அது பட்டால் இறக்கை பிளந்துபோகும். பறவை சுடும் ரவை அப்படியில்லை, மரத்தில் பொதிந்து அங்கேயே தங்கிவிடும்.

நான் மரவேலைக்காரன், கூரையைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். கிழக்கு ஆங்கிலியாவின் சம்மனசுக் கூரை என்றதும் எல்லோரும் சுவரிலிருந்து கை நீட்டுகிற மாதிரி அடுக்கு உத்திரம் வைத்த கூரைகளைத்தான் சொல்வார்கள். 1390-களில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்கு ஹியூ ஹெர்லண்ட் அப்படி ஒன்று செய்தார். அதற்குப் பிறகு சஃபோக், நார்ஃபோக், கேம்பிரிட்ஜ்ஷயர் முழுக்க அந்த ஆசை பரவியது. மார்ச் ஊரின் தூய வெண்ட்ரெடா கோவிலில் நூற்றுக்கு மேல் சம்மனசுகள் உண்டு. பிளைத்பரோவில் இருப்பது அந்த வகையே இல்லை. ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை ஒரே உத்திரம், அவ்வளவுதான். அந்த உத்திரத்தையே நடுவில் கொஞ்சம் உயர்த்தி, இரண்டு பக்கமும் லேசாக நீர்வாட்டம் கொடுத்திருக்கிறார்கள். மேலே போர்த்தியது ஈயத் தகடு. ஈயம் கனம், வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். சரிவு அதிகமானால் வருஷா வருஷம் கீழே நழுவிக்கொண்டே வரும். அதனால்தான் தட்டையான கூரை.

தட்டைக் கூரை வந்ததால்தான் உங்களுக்கு அத்தனை ஜன்னல் கிடைத்தது. செங்குத்துக் கூரை போட்டால் சுவருக்கு மேலே இருக்கிற உயரமெல்லாம் கூரைக்கே போய்விடும். இங்கே அந்த உயரத்தைச் சுவருக்கே கொடுத்து, சுவரில் ஜன்னல் திறந்தார்கள். 15-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கோவில்களின் ரகசியம் பாதி இதில் இருக்கிறது.

இறக்கைகள் உடம்போடு சேர்ந்த மரம் இல்லை. தனியாகச் செதுக்கிச் செருகியவை. அதனால்தான் உடம்பு நிற்க, இறக்கை மட்டும் போன இடங்களும் உண்டு.

பனைமரக்காடு எழுதியது:

தம்பி தென்றல்வீதி, பெஞ்சு விஷயம் என் பங்கு. எங்கள் தூத்துக்குடிப் பக்கத்தில் சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழையும் மனப்பாடம் செய்ய வைப்பார்கள்: அகங்காரம், லோபித்தனம், மோகம், கோபம், போசனப்பிரியம், காய்மகாரம் (பொறாமை), சோம்பல். இந்தப் பட்டியலோடு பிளைத்பரோ போனேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பவன் போசனப்பிரியன். படுக்கையை விட்டு எழாதவன் சோம்பேறி. பணப்பெட்டி மேலேயே உட்கார்ந்திருப்பவன் லோபி. சரி, பட்டியல் பொருந்துகிறது என்று சந்தோஷப்பட்டேன். அடுத்து நாக்கு நீட்டிய ஒருவன் வந்தான். அவன் புறணி பேசுபவனாம். கும்பிட்ட கையும் திறந்த கண்ணுமாக ஒருவன், அவன் வெளிவேஷக்காரன். குடித்துவிட்டுத் தொழுமரத்தில் மாட்டியிருப்பவனும் உண்டு. புறணியும் வெளிவேஷமும் குடியும் எங்கள் ஏழில் தனிப் பெயராக இல்லை. 'ஏழு பாவங்கள்' என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. செதுக்கிய தச்சன் புத்தகத்தைப் பார்த்துச் செதுக்கவில்லை, தன் ஊரைப் பார்த்துச் செதுக்கியிருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது.

அதே வரிசையில் விதைப்பு, அறுப்பு போன்ற பருவ வேலைகளும் இருக்கின்றன. பாவமும் பயிரும் ஒரே பெஞ்சு வரிசையில். ஞாயிறு பூசைக்கு வந்தவர்கள் உழைக்கிற ஜனங்கள். தங்கள் வேலையே மரத்தில் இருப்பதைக் கையால் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

சாரல் எழுதியது:

பனைமரக்காடு அண்ணாச்சி, அந்தக் கடைசி வரிக்காகவே நன்றி. ஒரு சின்ன விஷயம் சேர்க்கிறேன். இங்கிலாந்தில் பெஞ்சு என்பதே பெரும்பாலான ஊர்க் கோவில்களுக்கு 15-ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. அதற்கு முன் ஜனங்கள் நின்றார்கள், மண்டியிட்டார்கள். முடியாதவர்களுக்குச் சுவரோரக் கல் திண்ணை.

எனக்குத் தென்றல்வீதியின் முதல் பதிவில் ஒரு வாக்கியம் உறுத்துகிறது. "அவ்வளவு வெளிச்சம்" என்று ரசித்திருக்கிறீர்கள். நானும் அதை ரசிக்கிறேன். ஆனால் அந்த வெளிச்சம் கட்டியவர்கள் கொடுத்தது இல்லை. அந்த ஜன்னல்கள் நிறைய வண்ணக் கண்ணாடியில் புனிதர்கள் இருந்தார்கள். சுவர்களில் ஓவியம். கூரையில் இயேசு நாமத்தின் மூன்றெழுத்தும் பூக்களும், இன்றும் மங்கலாகத் தெரிகின்றன. நடுவில் வளைவு இல்லாவிட்டாலும் மரத்தடுப்பு ஒன்று கூடத்தையும் பீடப்பகுதியையும் பிரித்தது. அதற்கு மேலே பாடுபட்ட சுரூபமும் (சிலுவையில் தொங்கும் இயேசு), இரண்டு பக்கத்தில் மாதாவும் அருளப்பரும் (இயேசுவின் சீடர் யோவான்) நின்றிருப்பார்கள். தடுப்பின் மேல் இருந்த மேடைக்கு ஏறும் சிறு படிக்கட்டு பல கோவில்களில் சுவருக்குள் இன்னும் இருக்கிறது. ஏறினால் வெறும் காற்றில் முடியும்.

1644 ஏப்ரலில் வில்லியம் டவுசிங் பிளைத்பரோவுக்கு வந்தார். நாடாளுமன்றப் படைத் தளபதி மான்செஸ்டர் பிரபு கொடுத்த அதிகாரத்தில், கேம்பிரிட்ஜ்ஷயரிலும் சஃபோக்கிலும் சுமார் 250 கோவில்களுக்குப் போய் உருவங்களை அழித்தவர். போன இடமெல்லாம் நாட்குறிப்பு எழுதினார். பிளைத்பரோ குறிப்பில், 20 படங்கள், 2 சிலுவைகள், கோவிலிலும் பீடப்பகுதியிலும் இறக்க வேண்டிய 20 சம்மனசுகள் என்று கணக்கு இருக்கிறது. இன்னும் 200-க்கு மேல் படங்களை 8 நாளுக்குள் அகற்ற உத்தரவு. அங்கே 'படம்' என்பதில் பெரும்பங்கு ஜன்னல் கண்ணாடிதான்.

ஆக, நாம் நின்று ரசிக்கும் அந்த வெளிச்சத்துக்கு வழி திறந்தவர் டவுசிங். இதை யோசிக்காமல் பிளைத்பரோவை அழகு என்று என்னால் சொல்ல முடிவதில்லை.

தென்றல்வீதி எழுதியது:

சாரல், இதைப் படித்துவிட்டு ராத்திரி முழுக்க யோசித்தேன். நான் எடுத்த படங்களைத் திரும்பப் பார்த்தால் எல்லாமே வேறு மாதிரித் தெரிகிறது. ஞானஸ்நானத் தொட்டியின் பக்கங்கள் ஏன் மழுங்கிக் கிடக்கின்றன என்று அங்கே கேட்கவே இல்லை.

ஒன்று புரியவில்லை. 20 சம்மனசுகளை இறக்கச் சொல்லியும் ஏன் இவ்வளவு மிஞ்சின?

உளியோசை எழுதியது:

எழுதி வைத்த காரணம் எதையும் நான் பார்த்ததில்லை, வேலைக்காரனாக என் கணிப்பைச் சொல்கிறேன். கண்ணாடியைக் கீழே நின்று கழியால் உடைக்கலாம். தொட்டியை உளியால் கொத்தலாம். அந்த உத்திரத்தின் நடுவுக்குப் போக, கூடத்தின் மத்தியில் சாரம் கட்ட வேண்டும். யார் காசு கொடுப்பது? டவுசிங் உத்தரவு போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார், செய்ய வேண்டியது உள்ளூர்க் கோவில் பொறுப்பாளர்கள். சாதாரணமாக ஒரு கோவிலுக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ் தண்டம் வாங்குவார். அதைக் கொடுத்த ஊர் மேற்கொண்டு சாரத்துக்கும் செலவழித்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

வடலி எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். லண்டனிலிருந்து எழுதுகிறேன். உளியோசை அண்ணை சொன்ன காசு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கதைக்க விருப்பம். இந்தக் கோவில் கட்டப்பட்டதும் காசால், தப்பியதும் காசு இல்லாததால் என்று நான் நினைக்கிறேன்.

பிளைத்பரோ ஒரு காலத்தில் துறைமுகம், சந்தை, அகஸ்தீனியத் துறவிகளின் மடம் எல்லாம் இருந்த ஊர். பக்கத்து ஊரான வால்பர்ஸ்விக்கில் 1426-இல் கோவில் கோபுரம் கட்டப் போட்ட ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. கொத்தனார்கள் இரண்டு பேர்: டன்விச் ஊர் ரிச்சர்ட் ரசல், பிளைத்பரோ ஊர் ஆடம் பவுல். ஒரு கெஜ உயரத்துக்கு 40 ஷில்லிங் கூலி, அதோடு வருஷத்துக்கு ஒரு பீப்பாய் ஹெரிங் மீனும் ஆளுக்கு ஓர் அங்கியும். கோபுரம் டன்ஸ்டல் கோவில் கோபுரம் மாதிரி இருக்க வேண்டும், வாசலும் ஜன்னலும் ஹேல்ஸ்வொர்த் கோவிலைப் போல இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அடுத்த ஊரைக் காட்டி, எங்களுக்கும் அப்படி வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்! பங்குனிக்கும் புரட்டாசிக்கும் இடையில்தான் வேலை, மற்ற மாதங்களில் சுண்ணாம்புச் சாந்து இறுகாது. ஹெரிங் மீன் கூலியாக வந்த அந்த ஒப்பந்தத்தைப் படித்த நாளிலிருந்து இந்தக் கோவில்கள் எனக்குக் கடற்கரை ஊர்களின் வீடுகள் மாதிரி ஆகிவிட்டன.

பிறகு ஆறு தூர்ந்தது. கப்பல் வரவில்லை. 1537-இல் மடத்தை மூடினார்கள். ஊர் மெலிந்தது. வால்பர்ஸ்விக்காரர் 1695-இல் தங்கள் பெரிய கோவிலைப் பராமரிக்க முடியாமல், அனுமதி வாங்கிப் பெரும்பகுதியை இடித்துவிட்டு ஒரு மூலையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கொவ்ஹைத் ஊரில் 1672-இல் பாழான பெரிய சுவர்களுக்குள்ளேயே கூரை வேய்ந்த ஒரு குட்டிக் கோவில் கட்டினார்கள். பிளைத்பரோவில் இடிக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை. ஒழுகியது, ஒழுகினபடியே விட்டார்கள்.

பனைமரக்காடு எழுதியது:

வடலி தம்பி, காசு எப்படி வந்தது என்பதில் ஒன்று விட்டுப்போச்சு. அந்தக் காலத்து ஆங்கிலேயர் கத்தோலிக்கர். செத்த பிறகு மோட்சத்துக்கு முன் பாவத்துக்காக வேகிற இடமான உத்தரிக்கிற ஸ்தலத்தில் நம் ஆன்மா எவ்வளவு காலம் வேக வேண்டுமோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. உயிலில் கோவிலுக்குப் பணம் எழுதினால், நம் பெயர் சொல்லி ஜெபிப்பார்கள், பூசை வைப்பார்கள். சம்மனசுகள் மார்பில் பிடித்திருக்கும் கேடயங்களில் கொடை கொடுத்த குடும்பங்களின் சின்னம் வரைந்திருந்தது அதனால்தான். 1478-இல் இறந்த ஜான் ஹாப்டன் அந்த ஊர்ப் பிரபு, அவருடைய கல்லறை பீடத்துக்கு வடக்கே இருக்கிறது. எவ்வளவு கிட்டே புதைக்கிறார்களோ அவ்வளவு நல்லது.

டவுசிங் குறிப்பில் இன்னொரு வரி உண்டு: "ஆன்மாவுக்காக மன்றாடுங்கள்" என்று எழுதிய 3 வாசகங்களை உடைத்தேன் என்கிறார். தரையில் பித்தளைத் தகடு போய், தகட்டின் வடிவத்தில் பள்ளம் மட்டும் இருக்கும் கற்களைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அந்த இடத்தில் நெஞ்சு அடைத்தது. கண்ணாடி போனதைவிட அது பெரிய இழப்பு. யாரோ ஒருவர், எனக்காக ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணுங்கள் என்று கேட்டது மட்டும்தான் அந்தத் தகடு. நான் அந்தப் பள்ளத்துக்கு முன்னால் ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லிவிட்டு வந்தேன்.

மணற்கேணி எழுதியது:

நான் இங்கே புதிது. எல்லாம் படித்தேன். ஒரு நேரான கேள்வி. கூரையில் நிறம் இருந்தது தெரிகிறது, எந்த வடிவம் என்பதும் தெரிகிறது. சம்மனசுகள் இல்லாத உத்திரங்களும் தெரியும். ஏன் திரும்பச் செய்து, வர்ணம் பூசி, பழையபடி ஆக்கக் கூடாது? இன்றைக்கு அதற்கான தொழில்நுட்பம் இருக்கிறது. ஊர் ஜனங்கள் கட்டிய அழகை அவர்கள் கண்ட மாதிரியே நாம் காண்பது தப்பா?

சாரல் எழுதியது:

நல்ல கேள்வி, மணற்கேணி. இதே கேள்விக்காக இதே கோவிலில் 19-ஆம் நூற்றாண்டில் பெரிய சண்டை நடந்தது. 1881-இல் கட்டடம் ஆபத்தான நிலையில் இருக்கிறது என்று மூடிவிட்டார்கள். அந்தக் காலத்தில் இங்கிலாந்து முழுக்கப் 'புதுப்பித்தல்' என்ற பெயரில் பழைய சாந்தைச் சுரண்டி, பெஞ்சுகளைத் தூக்கிப் போட்டு, 13-ஆம் நூற்றாண்டு இப்படித்தான் இருந்திருக்கும் என்று கற்பனையில் புதிதாகச் செய்துகொண்டிருந்தார்கள். அதை எதிர்த்துத்தான் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். பிளைத்பரோவில் சங்கத்துக்கும் கோவில்காரர்களுக்கும் வருஷக்கணக்கில் வாக்குவாதம். பணமும் குறைவு. கடைசியில் அதிகம் மாற்றாமல் தாங்க வைத்தார்கள்.

என் பதில் இதுதான்: பழுது பார்க்கலாம், ஒழுகலை அடைக்கலாம், உளுத்த இடத்தில் புது மரம் செருகலாம். ஆனால் கோவில் கட்டிய 15-ஆம் நூற்றாண்டைத் திரும்பப் பூசினால், 1577-உம் 1644-உம் அந்தக் காகம் சுட்டவனும் காணாமல் போவார்கள்.

வடலி எழுதியது:

1577 என்ன என்று கேட்பார்கள், நானே சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் ஆகஸ்ட் 4, ஞாயிறு காலைப் பிரார்த்தனை நேரத்தில் பெரும் இடி மின்னல். கோபுரத்தின் மேல் இருந்த கூம்பு, கோவில் கூரையை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. ஒரு ஆளும் ஒரு பையனும் செத்துப்போனார்கள். அதே நாள் பங்கே ஊர்க் கோவிலிலும் இழப்பு. கறுப்பு நாய் வடிவில் பிசாசு வந்தது என்று ஏப்ரகாம் ஃபிளெமிங் அப்போதே துண்டுப் பிரசுரம் போட்டார். வடக்குக் கதவில் இருக்கும் கருகல் தழும்புகளை அந்த நாயின் நகக்கீறல் என்று இன்றும் காட்டுவார்கள். பழைய ஆங்கில வீடுகளில் கெட்டது அண்டாமல் காவலுக்காக மெழுகுத்திரியால் வேண்டுமென்றே சுட்ட தழும்புகள் நிறைய உண்டு. இதுவும் அப்படி இருக்கலாம் என்பது என் எண்ணம். நாயைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். பிரார்த்தனைக்கு வந்து அந்தக் கூம்பின் கீழ் இறந்த பையனை யாரும் நினைப்பதில்லை. அதுதான் எனக்குக் கவலை.

உளியோசை எழுதியது:

மணற்கேணி, நானும் சாரல் பக்கம்தான். ஆனால் உங்கள் ஆசையைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். புதுச் சம்மனசு செதுக்க எனக்கே கை பரபரக்கும்! செதுக்கினால் என் உளி தெரியும், அவன் உளி மறையும். அதனால் தொட மாட்டேன்.

இந்தக் கட்டடம் இப்போதும் வேலை செய்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். பீடப்பகுதியில் கவசம் போட்ட ஒரு மரப் பொம்மை இருக்கிறது. 1682-இல் கடிகாரத்துக்காகச் செய்தது. இன்று கயிற்றை இழுத்தால் மணியை அடித்துத் தலையைத் திருப்பும், வழிபாடு ஆரம்பம் என்று அர்த்தம். 1969 ஜூனில் ஸ்னேப் இசையரங்கம் தீப்பிடித்து எரிந்தபோது, இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் ஆல்ட்பரோ இசைவிழா நிகழ்ச்சிகளில் சிலவற்றை இங்கேதான் நடத்தினார்கள்.

மணற்கேணி எழுதியது:

சரி, புரிகிறது. அப்படியென்றால் நிறத்தோடு ஒன்றைப் பார்க்க எங்கே போவது? அந்த வட்டாரத்திலேயே ஏதாவது உண்டா?

வடலி எழுதியது:

உண்டு, அதுவும் சில மைல் தூரத்தில். வென்ஹாஸ்டன் ஊர்க் கோவில். பொதுத்தீர்வைக் காட்சியை (உலக முடிவில் கடவுள் எல்லோருக்கும் தீர்ப்பு வழங்கும் காட்சி) பெரிய மரப்பலகையில் வரைந்து, பீடப்பகுதியின் வளைவை அடைத்து மாட்டியிருந்தார்கள். பிறகு சுண்ணாம்பு பூசி மறைத்து, மேலே வேத வசனம் எழுதினார்கள். 1892-இல் கோவிலைச் செப்பனிட்டபோது வெறும் பலகை என்று நினைத்துக் கழற்றி வெளியே போட்டார்கள். மழை பெய்தது. சுண்ணாம்பு கரைந்தது. உள்ளே இருந்த முகங்கள் வெளியே வந்தன. தென்றல்வீதி, பிளைத்பரோ போன அன்றே அங்கேயும் போயிருக்கலாம்.

தென்றல்வீதி எழுதியது:

நேற்றுத் திரும்பப் போனேன். முதலில் பிளைத்பரோ. தொட்டியின் மழுங்கிய பக்கங்களைக் கையால் தடவிப் பார்த்தேன். அண்ணாச்சி சொன்ன பள்ளங்களைத் தேடி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கொஞ்ச நேரம் நின்றேன். ஜன்னலில் மேல் மூலைகளில் சின்னச் சின்ன வண்ணத் துண்டுகள் மிஞ்சியிருக்கின்றன. போன முறை அவற்றைக் கவனிக்கவே இல்லை. வெளிச்சம் அப்படியேதான் இருந்தது. எனக்குப் பிடித்தும் இருந்தது. சாரல், அதை இனி உங்கள் கேள்வியோடுதான் பார்ப்பேன்.

அப்புறம் வென்ஹாஸ்டன். ராஜாவும் ஆயரும் கிரீடத்தைத் தவிர ஒன்றும் உடுத்தாமல் இராயப்பர் (இயேசுவின் சீடர் பேதுரு) முன்னால் நிற்கிறார்கள். ஒரு தராசில் ஆன்மாவை நிறுத்துகிறார்கள். வலது கோடியில் நரகம் ஒரு பெரிய மீன்வாய். ஆனால் என்னை நிறுத்தியது ஓவியம் இல்லாத இடங்கள். பலகையின் நடுவில், சிலுவை வடிவத்தில் வெறும் மரம். அதன் இரண்டு பக்கத்திலும் இரண்டு ஆள் வடிவில் வெறும் மரம். செதுக்கிய பாடுபட்ட சுரூபமும் மாதாவும் அருளப்பரும் அங்கே பொருத்தியிருந்தார்கள், அதனால் அந்த இடத்தில் வர்ணம் பூசவே இல்லை. சுரூபங்கள் போய்விட்டன. மாதா நின்ற இடத்தின் ஓரத்தில் தூரிகை வளைந்து போன கோடு அப்படியே இருக்கிறது.